பழைய கோப்பின் தேதி என்ன?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் சோதனைக்கான டெஸ்ட் சர்வர் என்று நினைத்து, வாடிக்கையாளர்களின் உண்மையான தகவல் இருக்கும் லைவ் டேட்டாபேஸில் ஒரு கட்டளையை ஓட்டிவிட்டேன். நாற்பது வாடிக்கையாளர்களின் முகவரி மாறிப்போனது. யாரும் கவனிப்பதற்குள் ஒரு பழைய கோப்பைப் பார்த்து நானே சரிசெய்துவிட்டேன். 'வாயைத் திறக்காதே, அப்ரைசல் நேரம்' என்கிறான் அறை நண்பன். அவன் சொல்வது சரிதானே? ஐடி வேலையில் இருப்பவன் கடைப்பிடிக்க வேண்டிய ஐந்து விதிகளையும் சொல்லுங்கள் ஐயா.
- பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: சரியில்லை தம்பி. நாளைக்கு அலுவலகம் போனதும் முதல் வேலையாக உங்கள் டீம் லீடிடம் சொல்லுங்கள்.

சரிசெய்துவிட்டேன் என்கிறீர்கள். நாற்பதும் சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? நீங்கள் பார்த்த பழைய கோப்பு எந்தத் தேதியில் எடுத்தது? அதற்குப் பிறகு வீடு மாறிய ஒருவர் அந்த நாற்பது பேரில் இருந்தால், அவருடைய பார்சல் இன்று பழைய வீட்டு வாசலில் போய் நிற்கும். அவர் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கத்துவார். அங்கே இருக்கும் பெண்ணுக்கு ஒன்றும் புரியாது. காரணம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள், நீங்களோ வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள்.

நானும் வேலந்தாவளம் வழியாக ஏழு வருடம் கோவைக்கு பஸ்ஸில் போய் வந்தவன்தான். பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒருநாள் மாலை ஆறே முக்கால், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இடது டெஸ்ட், வலது லைவ். வலதில் டெலீட் கட்டளையை அடித்து, எந்தெந்த வரிசை என்று சொல்லும் நிபந்தனையை எழுதாமலே என்டரைத் தட்டினேன். பதினோராயிரத்துச் சொச்சம் வரிசைகள் போய்விட்டதாகத் திரை சொன்னது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதரை மணி வரை நானே மீட்டுவிடலாம் என்று மல்லுக்கட்டினேன். ஒன்பது மணிக்கு வழக்கமான பேக்கப் தானாக ஓடி, முந்தைய நாள் நகலின் மேலேயே அந்தக் காலி அட்டவணையை எழுதிவிட்டது. பதற்றத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை. ஆறே முக்காலுக்கே குரல் கொடுத்திருந்தால் யாராவது ஒருவர் அந்த பேக்கப்பை நிறுத்தியிருப்பார், அரை மணியில் எல்லாம் திரும்ப வந்திருக்கும். மறுநாளிலிருந்து நான்கு பேர், ஒன்பது நாள், காகித ரசீதுகளைப் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். அதில் ஒரு அக்கா கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

இதே தவறு பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. உலகம் முழுவதும் நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லாப் தளத்தில், 2017 ஜனவரி 31 அன்று, இரவு வெகுநேரம் விழித்து வேலை பார்த்த ஒரு பொறியாளர் துணை சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும் 300 ஜிபி அளவில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால், தினசரி பேக்கப் பல நாளாக ஓடவே இல்லை. டேட்டாபேஸ் ஒரு பதிப்பு, பேக்கப் கருவி வேறு பதிப்பு. பிழை என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் போனது போனதுதான். ஆனால் அவர்கள் மறைக்கவில்லை. என்ன ஆனது, என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதே எல்லோரும் படிக்கும்படி எழுதினார்கள், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். பேக்கப் ஓடாமல் கிடந்தது வெளியே தெரிந்ததால்தான் அதைச் சரிசெய்யவும் முடிந்தது.

உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டு வருட அனுபவக்காரருக்கு லைவில் மாற்றி எழுதும் அனுமதி எந்நேரமும் ஏன் திறந்து கிடக்கிறது? நீங்கள் சொல்லாவிட்டால் அதை யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்து அதே பள்ளத்தில் விழப்போவது போன வாரம் சேர்ந்த ஏதோ ஒரு பிள்ளை.

ஐந்து விதி கேட்டீர்கள். எண்ணிக்கைக்காக எழுத எனக்கு மனம் வரவில்லை. கைக்குப் பழக வேண்டியதைச் சொல்கிறேன். லைவ் ஜன்னலின் பின்னணியைச் சிவப்பாக மாற்றுங்கள், இன்றைக்கே. எதையும் மாற்றுவதற்கு முன்னால் அதே நிபந்தனையோடு, எதையும் மாற்றாமல் வரிசைகளைக் காட்ட மட்டும் செய்யும் செலக்ட் கட்டளையைப் போட்டு எத்தனை வரிசை வருகிறது என்று பாருங்கள். அப்புறம், உறுதிசெய்யும் வரை மாற்றம் நிரந்தரமாகாதபடி, டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து ஓட்டுங்கள். எண்ணிக்கை ஒத்துவந்தால் கமிட் போட்டு உறுதிசெய்யுங்கள், இல்லையென்றால் ரோல்பேக் போட்டுப் பழையபடி திருப்பிவிடுங்கள். பேக்கப் இருக்கிறது என்று யாராவது சொன்னால், கடைசியாக அதிலிருந்து தகவலை ரெஸ்டோர் செய்து, அதாவது மீட்டுப் பார்த்தது எப்போது என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதிதாக எதையும் லைவில் ஏற்றாதீர்கள்.

எழுதி வைப்பதைப் பற்றி உங்கள் ஊர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மணக்கடவில் அளந்து சித்தூர்ப் பக்கத்துக்கு விட வேண்டிய தண்ணீர் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம் சொல்கிறது. அளவு எழுதப்படாமல் இருந்தால் இரண்டு மாநிலமும் உட்கார்ந்து பேச ஏதாவது இருக்குமா? சர்வரில் நீங்கள் செய்ததையும் அப்படி எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த சர்வரில், என்ன கட்டளை, என்ன பதில் வந்தது.

நாளைக்குச் சொல்லும்போது நீட்டி முழக்க வேண்டாம். 'இந்தத் தேதியில் இந்தக் கட்டளையைத் தவறுதலாக லைவில் ஓட்டினேன், நாற்பது முகவரிகள் மாறின, இந்தக் கோப்பை வைத்துத் திருத்தினேன், அன்றைக்கே சொல்லாதது என் தப்பு, நாற்பதையும் யாராவது ஒருவர் என்னோடு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.' இவ்வளவு போதும். அவர் கோபப்படலாம், அப்ரைசலில் ஒரு புள்ளி குறையவும் கூடும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். பழைய கோப்பின் தேதியை மட்டும் இன்றிரவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.