மனநல சிகிச்சைக்குக் கையிலிருந்து கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு (22) பைபோலார் (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) பாதிப்பு. தனியார் மருத்துவமனையில் 10 நாள் அட்மிட் செய்து, ரூ.1.20 லட்சம் கட்டினோம். ரூ.3 லட்சத்துக்குக் குடும்ப ஃப்ளோட்டர் பாலிசி (குடும்பம் முழுவதற்கும் பொதுவான ஒரே காப்பீடு) உண்டு. மனநோய்க்கு க்ளெய்ம் கிடையாது என்கிறார் ஏஜென்ட். உண்மையா? - வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் பிரிவு 21(4), உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, விவரமான பில், ரசீதுகள், மருந்துச் சீட்டுகளை வைத்து உடனே ரீஇம்பர்ஸ்மென்ட் (கட்டிய பணத்தைத் திரும்பத் தருவது) கேளுங்கள். அதற்கான கெடு தாண்டியிருந்தால் காரணத்தைக் கடிதமாக இணையுங்கள்.

முழுத் தொகையும் வராமல் போகலாம். அறை வாடகை வரம்பைப் பாருங்கள். காப்பீட்டுத் தொகையில் 1% என்றிருந்தால், உங்களுக்கு நாளைக்கு ரூ.3,000. நீங்கள் எடுத்தது ரூ.4,500 அறை என்று வைத்துக்கொள்வோம். வாடகை ரூ.45,000-ல் ரூ.30,000 தான் வரும். அதோடு விடமாட்டார்கள், டாக்டர், நர்சிங் கட்டணம் ரூ.60,000 என்றால் அதையும் அதே விகிதத்தில் ரூ.40,000 ஆக்கிவிடுவார்கள். மருந்து ரூ.15,000-க்கு இந்த வெட்டு கிடையாது. ஆக, கைக்கு வருவது ரூ.85,000. மனநல வார்டில் கூட ஒருவர் தங்கச் சொல்வார்கள். அவருடைய சாப்பாடு, படுக்கைச் செலவு உங்கள் தலையில்தான்.

க்ளெய்ம் பெரும்பாலும் அடிபடுவது டிஸ்சார்ஜ் சம்மரியில். 'கண்காணிப்புக்காகச் சேர்க்கப்பட்டார்' என்று மொட்டையாக இருந்தால், வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாமே என்பார்கள். தூக்கமின்மை, உணவு மறுப்பு, தனக்கோ பிறருக்கோ ஆபத்து என எது உண்மையோ அது பதிவாகியிருக்க வேண்டும். குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் மறுவாழ்வு இல்லத்தில் தங்குவதும் பொதுவாக பாலிசிக்கு வெளியே.

பாலிசி எடுக்கும் முன்பே சிகிச்சை தொடங்கியதா? அதை மறைத்திருந்தால் சிக்கல். சொல்லியிருந்தால், அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்.

மறுத்தால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் சென்னை இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) இருக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனத்தின் இறுதி மறுப்பிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

பலர் விட்டுவிடும் பணம் ஒன்று உண்டு. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்குப் பல பாலிசிகளில் 60 நாள் வரை இடமுண்டு. மகன் லித்தியம் (பைபோலாருக்குத் தரும் மருந்து) எடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகள் வரும். அந்த பில்களையும் டாக்டர் சீட்டோடு சேர்த்து அனுப்புங்கள்.