டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே தங்கிவிடலாமா?

கேள்வி: எனக்குத் திருமணமாகி நான்கு மாதம் ஆகிறது. கணவர் அமெரிக்கக் குடிமகன். கல்யாணம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டார். என்னை அங்கே குடியேற அழைத்துக்கொள்ள ஐ-130 மனு போட்டிருக்கிறார். அது முடிய நீண்ட நாளாகும் என்கிறார்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே கிரீன் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் உறவினர் ஒருவர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கல்யாணமான கையோடு பிரிந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது புரிகிறது. ஆனால் இந்தக் குறுக்குவழி அந்தப் பிரிவை இன்னும் நீட்டித்துவிடக்கூடும்.

உறவினர் சொல்வது முழுக்கத் தவறில்லை. முறையாக நுழைந்த ஒருவர், குடிமகனின் மனைவி என்ற முறையில் அங்கிருந்தே விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் தங்கும் எண்ணத்தை மறைத்துக்கொண்டு நுழைவது வேறு விஷயம். டூரிஸ்ட் விசா படிவமான டிஎஸ்-160-இலேயே, உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்ற கேள்வி இருக்கிறது. 'ஆம்' என்றால் திரும்பி வருவீர்கள் என்று அதிகாரியை நம்பவைப்பது மிகக் கடினம். 'இல்லை' என்றால் பொய். தெரிந்தே பொய் சொல்லி விசா கேட்டதாக முடிவானால் வாழ்நாள் தடை வரும். அதற்கு விலக்கு கேட்கலாம், எளிதில் கிடைக்காது. ஏற்கெனவே விசா கையில் இருந்தாலும், 'சுற்றிப் பார்க்க வந்தேன்' என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டுச் சில வாரங்களில் கிரீன் கார்டு மனு போட்டால் அந்தப் பேச்சே உங்களுக்கு எதிராக நிற்கும்.

சரி, அப்போது என்ன செய்வது? குடிமகனின் மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரிசை கிடையாது. காலதாமதமெல்லாம் கோப்பு நகரும் வேகத்தால்தான். ஐ-130 அனுமதியானதும் தேசிய விசா மையம், டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா படிவம், கணவரின் ஐ-864 வருமான உறுதிமொழி, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல். அவருடைய வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதத்தை எட்டாவிட்டால், தகுதியுள்ள இன்னொருவர் கூட்டுப் பொறுப்பேற்கலாம்.

நேர்காணலுக்குக் கல்யாண ஆல்பம் மட்டும் போதாது. அழைப்புப் பதிவுகள், பணம் அனுப்பிய ரசீதுகள், அவர் வந்துபோன பயணச்சீட்டுகள் எல்லாவற்றையும் இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம் என்றால் அப்படியே சொல்லுங்கள். அதிகாரிக்குப் பிடிக்கும் என்று காதல் கதை ஜோடிக்க வேண்டாம். இருவர் பதிலும் ஒத்துப்போகாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் அங்கே நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு வருடம் நிறைவடையாவிட்டால், கிடைப்பது 2 வருட நிபந்தனை கிரீன் கார்டுதான். அது காலாவதியாகும் முன்னுள்ள 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனு போட வேண்டும். தேதியை இருவரும் குறித்து வையுங்கள். கடவுள் புண்ணியத்தில் உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: வாழ்க்கை கொடுமையாக மாறினாலோ, உண்மையாக நடந்த திருமணம் விவாகரத்தில் முடிந்தாலோ, கணவர் கையெழுத்து இல்லாமல் நீங்கள் தனியாகவே ஐ-751 போடலாம். 'கையெழுத்துப் போட மாட்டேன்' என்று யார் மிரட்டினாலும் பயந்து அடங்கிப்போக வேண்டியதில்லை.