மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் ஏன் ஒவ்வொரு குழந்தைக்கும் வேறு மாதிரி வருகிறது?

புரதத்திலுள்ள லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் உடைக்கும் நொதி பிறவியிலேயே பழுதான நோய் இது. தேங்கும் லூசின் மூளையைத் தாக்கும்; சிறுநீரில் கருகிய சர்க்கரைப் பாகு வாசனை வரும்.

நொதி எவ்வளவு மிச்சம் என்பதே வகையைத் தீர்மானிக்கிறது. காலிங்கராயன் வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். அநேகமாக மூடியிருந்தால் (3%க்கும் குறைவு) கடும் வகை: பிறந்த சில நாளிலேயே பால் குடிக்காது, மயங்கும். சற்றே திறந்திருந்தால் (3–30%) நடுத்தர வகை, வளர்ச்சி தாமதமாகும். ஏமாற்றுவது விட்டுவிட்டு வரும் வகைதான். மற்ற நாளில் தண்ணீர் வடிந்துவிடும். காய்ச்சலிலோ பட்டினியிலோ உடம்பு தன் தசையையே கரைக்கும்போது வெள்ளம் பொங்கிவிடும். சிலருக்கு மட்டும் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்தால் நொதி ஓரளவு தேறும். எந்த வகையானாலும் கொள்ளுப் பருப்பு போன்ற புரத உணவுகூட மருத்துவர் சொன்ன அளவில்தான்.

முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்பது தப்புக் கணக்கு: தாயும் தகப்பனும் பழுதான மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் அதே 25% வாய்ப்பு.