கேட்டுப் பாருங்கள்: கிரவல் ஒழுங்கையில் ரிமோட் கார்

கேள்வி: என்னிடம் இருப்பது பத்தில் ஒரு பங்கு அளவு, நாலு சில்லும் இழுக்கிற ட்ரக். 3300 கே.வி. பிரஷ்லெஸ் மோட்டர், மோட்டர் தண்டில் இருக்கும் சிறு பல்லுச் சக்கரமான பினியன் 18 பல்லு, மொத்தக் கியர் விகிதம் 9. இரண்டு செல் லைப்போ பற்றரியில் நல்லாய் ஓடினது. மூன்று செல் போட்ட பிறகு பத்து நிமிசத்தில் மோட்டர் கொதிக்குது, நின்று நின்று போகுது. மோட்டர் பழுதோ?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: மோட்டரை விடுங்கள், பினியனை மாற்றுங்கள். கே.வி. என்பது ஒரு வோல்ற்றுக்கு மோட்டர் சுற்றும் சுற்று. இரண்டு செல்லின் 7.4 வோல்ற்றில் நிமிடத்துக்கு 24,420 சுற்று. அதை 9ஆல் பிரித்து, சில்லின் விட்டம் 100 மி.மீ. என்று வைத்தால் மணிக்கு 51 கி.மீ. வரும். மூன்று செல்லின் 11.1 வோல்ற்றுக்கு அதே கணக்கு 77 கி.மீ. காட்டும். ஆனால் காற்றும் புழுதி மண்ணும் அந்த வேகத்தை எட்ட விடாது. எட்டாத வேகத்துக்காக மோட்டர் இழுக்கிற கரன்ற்தான் சூடாக மாறுகிறது. பினியனை 14 பல்லுக்கு இறக்குங்கள். கணக்கில் அப்போதும் 60 கி.மீ. இருக்கும், கிரவல் ஒழுங்கைக்கு அது தாராளம். அதற்கு முன் மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உங்கள் இ.எஸ்.சி. மூன்று செல் தாங்குமா என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். நின்று நின்று போவது பெரும்பாலும் இ.எஸ்.சி. சூட்டில் தன்னைக் காத்துக்கொள்வதுதான்.

பினியன் மாற்றும்போது பல்லிடைவெளிதான் பலருக்குப் பிழைக்கும். கொப்பித் தாளில் ஒரு கீற்று வெட்டி இரண்டு பல்லுச் சக்கரத்துக்கும் இடையில் விட்டு, மோட்டரை அழுத்திப் பிடித்து ஆணியை முறுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல், மடிப்பு மடிப்பாக வந்தால் சரி, கிழிந்தால் இறுக்கம் கூட. பினியன் சுற்றும் பெரிய பல்லுச் சக்கரமான ஸ்பர் முழு வட்டமாக இருக்காது, ஆகவே நாலு இடத்தில் சோதியுங்கள். பினியனின் சிறு ஆணி, மோட்டர் தண்டின் தட்டையான பக்கத்தில் இருக்கவேண்டும். அதற்கு நீல நிற ஆணிப் பசை ஒரு சொட்டுப் போதும். அந்தப் பசையை உலோகத்துக்குள் போகும் ஆணிக்கு மட்டும் போடுங்கள், பிளாஸ்ரிக்கில் பட்டால் வெடிக்கவைக்கும்.

ஐந்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி மோட்டரின் சூட்டை வெப்பமானியால் அளந்து பாருங்கள். 70, 75 பாகை செல்சியசுக்குள் இருந்தால் நல்லது, 80ஐத் தாண்டினால் அன்றைக்கு ஓட்டத்தை விடுங்கள். அளவுக்கு மிஞ்சிய சூட்டில் காந்தம் நிரந்தரமாகப் பலம் இழக்கும். பலம் இழந்த காந்தம் இன்னும் கரன்ற் இழுக்கும், இன்னும் சுடும். 20 பாகைக் குளிர் நாட்டுக்காரர் வீடியோவில் சொல்லும் பினியன் அளவை, 35 பாகை வெயிலில் ஓட்டுகிற நாங்கள் அப்படியே எடுக்கக்கூடாது. ஒன்றிரண்டு பல்லுக் குறைத்தே தொடங்குங்கள்.

கேள்வி: முன்பக்கச் சில்லைத் தாங்கும் சஸ்பென்சன் ஆர்ம் மாதத்துக்கு ஒன்று உடையுது. எல்லாவற்றையும் அலுமினியமாக மாற்றினால் தீருமோ?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தீராது, செலவுதான் கூடும். வேலிக்கதியாலில் மோதும்போது வரும் அடி எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். நைலோன் ஆர்ம் வளைந்து அதை வாங்கிக்கொண்டு பழையபடி நிமிரும். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான், வளையாவிட்டால் அடி உள்ளே போய் ஆர்மைப் பிடிக்கும் கம்பியையும் கியர்ப்பெட்டிக் கூட்டையும் உடைக்கும். ஆர்ம் மலிவு, கூடு விலை. எது உடையவேண்டும் என்று நீங்களே முடிவெடுங்கள். அலுமினியம் பொருந்தும் இடங்கள் மோட்டர் தாங்கி, சில்லைத் திருப்பும் சேர்வோ மோட்டரின் கை, அதிர்வை வாங்கும் சொக்கின் மூடி.

நைலோன் ஈரம் குடித்தால்தான் இளகும், வரண்டால் நொருங்கும். புது ஆர்மைக் கொதிநீரில் இருபது நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு எடுத்துப் பூட்டுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் இதன் பலன் நன்றாகத் தெரியும். பிளாஸ்ரிக்கில் ஆணி பூட்டுமுன் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். 'டிக்' என்று பழைய புரியில் விழுந்த பிறகு முறுக்கினால் ஓட்டை தேயாது.

மேல் உடல் வெடித்தால் உள்பக்கத்தில் சீலிங் இணைப்புக்கு ஒட்டும் கண்ணாடி இழை வலைநாடாவை வைத்து, அதன் மேல் சப்பாத்து ஒட்டும் றப்பர் பசையைப் பூசுங்கள். சுப்பர் குளூ வேண்டாம், அது இறுகி அடுத்த அடியிலேயே வெடிக்கும்.

கேள்வி: ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எல்லா இடமும் ஒயில் விடுகிறேன். அப்படியிருந்தும் பெயாரிங் கரகரக்குது.
– வாசகர், மல்லாவி

பதில்: அந்த ஒயில்தான் வினை. செம்மண் புழுதி ஒயிலில் ஒட்டினால் அது அரைக்கும் பசை. வெளியே தெரியும் பல்லுக்கும் தண்டுக்கும் ஒன்றும் விடாதீர்கள், காய்ந்த தூரிகையால் தட்டுங்கள், போதும். பெயாரிங்கைக் கழற்றி, ஊசிமுனையால் றப்பர் மூடியைக் கிளப்பி, முற்றத்தில் அடுப்புக்குத் தூரமாக வைத்துப் பெற்றோலில் கழுவிக் காயவிடுங்கள். தையல் மெசின் ஒயில் ஒரு சொட்டு விட்டு மூடுங்கள். கழுவிய பிறகும் கரகரத்தால் எறிந்துவிடுங்கள். சொக் ஒயில் சூட்டில் இளகும். பெட்டியோடு வந்த ஒயிலின் தடிப்பு எண் 30 என்றால் இங்கு 40 போட்டுப் பாருங்கள்.

கேள்வி: முல்லைத்தீவுக் கடற்கரையில் ஓட்டலாமோ?

பதில்: காய்ந்த மணலில் ஓட்டலாம், அதுவும் பினியனில் இரண்டு பல்லுக் குறைத்து. அலை நனைக்கும் இடத்தில் வேண்டாம். இ.எஸ்.சி.க்குள் தண்ணீர் போகாதென்றாலும் பெயாரிங்குக்குள் போகும், உப்புப் பட்ட பெயாரிங் துருவேறி இறுகிவிடும்.

கேள்வி: பழைய லப்டொப் பற்றரி செல்களைக் கோத்துப் போட்டால் என்ன?
– வாசகர், வவுனியா

பதில்: வேண்டாம். அந்தச் செல் சில அம்பியர்தான் தரும். ட்ரிகரை முழுக்க இழுக்கும் கணத்தில் கார் 40 அம்பியருக்கு மேல் கேட்கும். செல் சூடாகும், வோல்ற் விழும், கார் துடிக்கும். 5000 மில்லி அம்பியர் மணி லைப்போ ஒன்றை வாங்கி, எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பலன்ஸ் சார்ஜரில் 5 அம்பியரில் ஏற்றுங்கள். செல்லுக்கு 4.2 வோல்ற்றுக்கு மேல் போகக்கூடாது, ஓட்டத்தில் 3.4க்குக் கீழே இறங்கக்கூடாது. ஒரு கிழமை ஓட்டமாட்டீர்கள் என்றால் 3.8இல் வையுங்கள். சீமெந்து நிலத்தில், மண் போட்ட சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் இருந்துகொண்டு ஏற்றுங்கள். தகரக் கூரை அறையில் பகலில் வைக்கவேண்டாம். ஊதிய பற்றரியை ஊசியால் குத்திக் காற்றெடுக்கப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும்.