ஐலாஷ் மேல் வாக்ஸ் விழுந்துவிட்டதா? இழுக்காதீர்கள், முதலில் டப்பாவைப் படியுங்கள்

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு பார்லர் நடத்துகிறேன். நேற்று ஒரு வாடிக்கையாளருக்கு ஐப்ரோ வாக்ஸ் செய்யும்போது வலது கண்ணின் வெளிமூலையில், இமை முடியில் ஒட்டியிருந்த செயற்கை இழைகள் (எக்ஸ்டென்ஷன்) மேல் வாக்ஸ் இழுபட்டு விழுந்துவிட்டது. என் உதவியாளர் பதறிப்போய் பேபி ஆயில் தொட்டுத் துடைத்தார். கொஞ்சம் போனது. மீதி ஏழெட்டு முடியைக் கொத்தாக ஒட்டிப் பிடித்திருக்கிறது. ஐந்து நாள் முன்புதான் வால்யூம் செட் (ஒரு முடிக்குப் பல மெல்லிய இழைகள் ஒட்டும் ரகம்) போட்டிருக்கிறார். வலியோ எரிச்சலோ இல்லை என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வரவேற்பு. நாளை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் கெடாமல் வாக்ஸை எடுப்பது எப்படி? இனி இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: எக்ஸ்டென்ஷன் கெடாமல் எடுக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள், சகோதரி. நான் அந்தக் கவலையை இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். ஒட்டின முடி போனால் இன்னொன்று ஒட்டிக்கொள்ளலாம். அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் சொந்த இமை முடி வேரோடு வந்துவிட்டால், அது முளைத்துப் பழைய நீளத்துக்கு வர ஒன்றரை மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை அந்த இடத்தில் எதையும் ஒட்ட முடியாது.

தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் இதே வேலையை நானும் செய்திருக்கிறேன். கெட்டியாகிவிட்ட வாக்ஸ்தானே, ஒரு இழுப்பில் வந்துவிடும் என்று ட்வீசரால் பிடித்தேன். வந்தது. வாக்ஸோடு நாலு முடியும் வந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் குத்தூசித் தலை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் வேர். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் திரும்ப வரவேயில்லை.

ஆகவே நாளை அவர் வந்ததும் ட்வீசரை எடுக்காதீர்கள். நேற்று நீங்கள் போட்ட வாக்ஸ் டப்பாவை எடுத்து, பின்பக்கம் பொருட்கள் பட்டியலைப் படியுங்கள்.

நம் ஊர் பார்லர்களில் 'வாக்ஸ்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்கள் புழங்குகின்றன. ஒன்று சர்க்கரை, குளுக்கோஸ், எலுமிச்சைச் சாறு வைத்துக் காய்ச்சுவது. ஹனி வாக்ஸ், கோல்டு வாக்ஸ் என்று விற்பதில் பல இந்த ரகம்தான். வீட்டிலேயே பாகு காய்ச்சிச் செய்வதும் இதுவே. இது தண்ணீரில் கரையும். இரண்டாவது ரகம் பைன் மரப் பிசினிலிருந்து வருவது. வயலின் வில்லுக்குத் தேய்ப்பார்களே ரோசின், அதே வஸ்து. பட்டியலில் கிளிசரில் ரோசினேட் என்றோ கொலோஃபோனியம் என்றோ போட்டிருப்பார்கள். டின்னில் வருகிற லிபோசாலுபிள் (எண்ணெயில் கரையும்) வாக்ஸ், பட்டாணி மாதிரி வரும் பீன்ஸ் வாக்ஸ், கட்டோரி வாக்ஸ் எல்லாம் பெரும்பாலும் இந்தக் குடும்பம். இதற்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, எண்ணெய்ப்பசைதான் அதை இளக்கும்.

டப்பாவில் எழுத்து அழிந்துவிட்டதா? பரவாயில்லை. அதே வாக்ஸில் மிளகளவு எடுத்து ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு விரலால் தேயுங்கள். இரண்டு நிமிடத்தில் வழவழத்துக் கரைந்தால் சர்க்கரை. உருண்டையாகவே விரலில் ஒட்டிக்கொண்டு நின்றால் பிசின்.

சர்க்கரை என்றால் உங்களுக்கு யோகம். மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் என்ற கிருமியற்ற உப்புநீரை, பாட்டிலைக் கை வெப்பத்துக்கு வைத்துக்கொண்டு, மைக்ரோ பிரஷ்ஷால் (நுனி மிகச் சிறிய குச்சி பிரஷ்) அந்தக் கொத்தின் மேல் மட்டும் தொட்டுத் தொட்டு ஊறவிடுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் பாகு இளகி முடி தனித்தனியாகப் பிரியும். பிறகு லாஷ் ஃபோமால் (இமை முடி கழுவும் நுரை) ஒரு தடவை கழுவினால் போதும். எண்ணெயே தேவையில்லை. இன்வெர்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சில பார்லர்களில் இதற்கு எடுக்கிறார்கள். அது பேட்டரிக்கு, கண்ணுக்கு அல்ல. திறந்த சலைன் பாட்டிலையும் அன்றே கொட்டிவிடுங்கள், அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

பேபி ஆயில் தொட்டதும் கொஞ்சம் போனது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது பிசின் ரகமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சிக்கல் அங்கேதான். வாக்ஸை இளக்குவதும் எண்ணெய், லாஷ் க்ளூவின் பிடியைத் தளர்த்துவதும் எண்ணெய் என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதில் பாதி சரி. க்ளூ என்பது சயனோஅக்ரிலேட், சூப்பர் க்ளூ வகை. இறுகிப்போன சயனோஅக்ரிலேட் எண்ணெய் பட்ட நொடியில் கரைந்துவிடாது, அதைக் கரைக்க லாஷ் க்ளூவுக்கென்றே விற்கும் ரிமூவர்தான் வேண்டும். ஆனால் எண்ணெய் மணிக்கணக்கில் அடியில் தங்கி, நாள்தோறும் பட்டுக்கொண்டே இருந்தால் பிடி விடத் தொடங்கும். அதாவது சில நிமிடம் எண்ணெய்ப்பசையை வைத்து வேலை முடித்து, மிச்சமில்லாமல் கழுவிவிட்டால் செட் தாங்கும். நேற்று விட்ட பேபி ஆயில் இன்னும் அங்கேயே இருக்கிறதே, அதுதான் எனக்குக் கவலை. முடிந்தால் இன்றே அவரை அழைத்து, எண்ணெய் சேராத லாஷ் ஃபோமால் கண்ணை மூடியபடி மெதுவாகக் கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள். கசக்கக் கூடாது, வீட்டில் சீப்பு போட்டுப் பிரிக்கவும் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள்.

நாளைய வேலைக்கு வருவோம். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் கழற்றச் சொல்லுங்கள். படுக்க வைத்து, கீழ் இமை முடியை ஐ பேடால் மூடுங்கள். தலையை வலப்பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். எது வழிந்தாலும் கண்ணுக்குள் போகாமல் நெற்றிப்பொட்டுப் பக்கம் போக வேண்டும். வேலை முடியும்வரை கண் மூடியே இருக்கட்டும்.

ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மெல்லிய துணியில் சுற்றி, அந்த மூலையில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். ரோசின் குளிர்ந்தால் ஒட்டும் குணம் குறைந்து நொறுங்கும் பதத்துக்கு வரும். இப்போது இரண்டு ட்வீசர். இடது கை ட்வீசர், வாக்ஸுக்கும் இமைத் தோலுக்கும் நடுவில் முடியைப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். வலது கை ட்வீசர் வாக்ஸ் கட்டியை நுனிப்பக்கத்தில் கிள்ளி உடைக்க வேண்டும். இழுப்பது இல்லை, கிள்ளுவது. நகத்தால் உப்புக்கல்லை நசுக்குவது போல. இடது கை பிடி இருப்பதால் எந்த அசைவும் வேருக்குப் போகாது. பெரிய கட்டி பாதி இப்படியே பொடியாக விழும். விழுந்த பொடியை டேப்பால் ஒற்றி எடுங்கள், ஊதாதீர்கள்.

மிச்சத்துக்கு வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி. தேங்காய் எண்ணெயை விட இதை நான் விரும்புவதற்குக் காரணம், வைத்த இடத்தில் நிற்கும், ஓடாது. கண் களிம்புகளுக்கே வெள்ளைப் பெட்ரோலேட்டம்தான் அடிப்படை. அதனால் தப்பித்தவறித் துளி உள்ளே போனாலும் கொஞ்ச நேரம் பார்வை மங்கலாகத் தெரியும், அவ்வளவே. புதுக் குழாயிலிருந்து எடுங்கள், எல்லோரும் விரல் விட்ட டப்பாவிலிருந்து வேண்டாம். மைக்ரோ பிரஷ் நுனியில் கடுகளவு தொட்டு, வாக்ஸ் இருக்கும் இடத்தில் மட்டும், முடியின் நடுவிலிருந்து நுனியை நோக்கி உருட்டிக்கொண்டே போங்கள். அடியில் ஒட்டு இருக்கும் இரண்டு மில்லிமீட்டரைத் தொடவே கூடாது. பஞ்சு எடுக்காதீர்கள். வாக்ஸில் பஞ்சிழை ஒட்டிக்கொண்டால் இரண்டு பிரச்சினையாகிவிடும். ஒவ்வொரு உருட்டலுக்கும் பிரஷ்ஷை டிஷ்யூவில் துடையுங்கள், அழுக்கானால் புதியது எடுங்கள். பத்து பிரஷ் செலவானாலும் ஆகட்டும்.

முடி பிரிந்ததும் எண்ணெய்ப்பசை நீக்க ஃபோம் இரண்டு தடவை, சலைன் இரண்டு தடவை. பிறகு கை ஃபேனால் குளிர்ந்த காற்று. ஹேர் டிரையர் பக்கமே போகாதீர்கள், சூட்டில் எக்ஸ்டென்ஷனின் சுருள் நிமிர்ந்துவிடும். வாக்ஸை உருக்கலாமே என்று வெந்நீர்ப் பஞ்சு வைப்பவர்களும் இருக்கிறார்கள். சில வாக்ஸ்களில் சேர்க்கும் தேன்மெழுகு உருகவே 62 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டை உடம்பிலேயே மெல்லிய தோலான இமை மேல் வைப்பதா?

நெயில் பாலிஷ் ரிமூவர், ஸ்பிரிட், சானிடைசர் மூன்றும் அந்த ட்ராலியிலேயே இருக்கக் கூடாது. ஸ்பிரிட்டில் ரோசின் அழகாகக் கரையும் என்பது உண்மைதான், வாக்ஸ் ஹீட்டரைத் துடைக்க நானே அதைத்தான் வைத்திருக்கிறேன். கண்ணுக்கு அருகில் அந்தப் பேச்சே கிடையாது. டின் வாக்ஸோடு வரும் போஸ்ட் வாக்ஸ் ஆயிலும் வேண்டாம், அதில் டீ ட்ரீ, எலுமிச்சை என்று எரிச்சல் தரும் வாசனைகள் கலந்திருக்கும்.

இத்தனையும் வாக்ஸ் முடியின் மேல்பாதியில் இருந்தால். உங்கள் வாடிக்கையாளருடையது வால்யூம் செட் என்பதால் ஒரு சங்கடம் உண்டு. கிளாசிக்கில் ஒரு சொந்த முடிக்கு ஒரு தடித்த இழை. வால்யூமில் 0.05, 0.07 மில்லிமீட்டர் இழைகள் மூன்று, நான்கு, ஐந்து சேர்ந்து விசிறி மாதிரி விரிந்திருக்கும். வாக்ஸ் அந்த விசிறியின் அடியில் இறங்கிவிட்டால் எந்தப் பிரஷ்ஷும் உள்ளே போகாது. அங்கே மல்லுக்கட்டாதீர்கள். அந்த விசிறிகளைக் கைவிட்டுவிடுங்கள். கிரீம் ரிமூவர் எடுங்கள். தண்ணீர் மாதிரி ஓடும் திரவ ரிமூவரோ ஜெல்லோ வேண்டாம், கிரீம்தான் நின்ற இடத்தில் நிற்கும். கைவிட வேண்டிய விசிறிகளை மட்டும் டேப்பில் பிரித்து வைத்து, ஒட்டின் மேல் தடவி, லேபிளில் போட்டிருக்கும் நிமிடம் முடிந்ததும் நுனிப்பக்கம் வழித்தால் வாக்ஸும் விசிறியும் சேர்ந்து கழன்று வரும். வரவில்லை என்றால் இன்னொரு முறை தடவிக் காத்திருங்கள். இழுத்தால் நான் சொன்ன வெள்ளைப் புள்ளிதான்.

எட்டு முடியில் ஆறு அடிவரை ஒட்டியிருந்தால்? ஆறையும் எடுத்துவிடுவேன். கால்வாசிக் கண்ணுக்கு மேல் ஒட்டியிருந்தால் அந்தக் கண் முழுவதையும் கழற்றிவிட்டு மறுபடி போடுவேன். அரைகுறையாகப் பிரித்த முடிகள் இரண்டு மூன்று சேர்ந்தே வளரும். ஒன்றின் வளர்ச்சி இன்னொன்றின் வேரை இழுக்கும். முதல் நாள் தெரியாது, பத்தாம் நாள் வலிக்கும்.

வரவேற்புக்கு நிரப்பித் தர முடியுமா என்பதுதான் அவருக்கு முக்கியமான கேள்வியாக இருக்கும். ரிமூவர் போட்ட அன்றே ஒட்டாதீர்கள். ஒரு நாள் விட்டு, இமை சிவக்காமல், வீங்காமல், அரிக்காமல் இருந்தால் மட்டும் அந்த மூலையை நிரப்புங்கள். காசு வாங்காதீர்கள், தவறு நம் பக்கம். சிவப்பு இருந்தால் அன்றைக்கு ஐலைனர் போட்டு ஒப்பேற்றட்டும், கோபித்துக்கொண்டாலும் சரி. ரோசின் பலருக்கு ஒவ்வாமை தரும் பொருள். வாக்ஸ் போன பிறகும் இமை அரித்துத் தடித்தால் அது க்ளூவின் குற்றமாக இல்லாமல் இதன் குற்றமாகவும் இருக்கலாம். தோல் மருத்துவரிடம் போகும்போது வாக்ஸ் டப்பாவின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வாக்ஸ் கண்ணுக்குள் போயிருந்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, மண் விழுந்த மாதிரி உறுத்தினாலோ, பார்வை மங்கினாலோ நீங்கள் எதுவும் எடுக்க முயல வேண்டாம். சுத்தமான தண்ணீரோ சலைனோ விட்டு அலசி, அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். சூடான வாக்ஸ் இமைத் தோலில் பட்டுச் சுட்டிருந்தால், உரித்தெடுக்காமல் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் குளிர வைப்பதுதான் முதல் வேலை. ஐஸை நேராக வைக்காதீர்கள். லாஷைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.

இனி ஆகாமல் இருக்க வழி கேட்டீர்கள். எக்ஸ்டென்ஷன் போட்டிருப்பவருக்கு ஐப்ரோவுக்கு வாக்ஸ் எதற்கு? நூல் இருக்கிறதே. த்ரெடிங்கில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது, சிந்துவதற்கும் அதில் ஒன்றுமில்லை. வாக்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், லாஷ் போடும் முன்பே ஐப்ரோவை முடித்துவிடுங்கள். அதுவும் தவறிவிட்டதென்றால் இமை மேல் மடித்த டிஷ்யூவை மைக்ரோபோர் டேப்பால் லேசாக நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

சிந்துவது எப்போது என்று கவனித்திருக்கிறீர்களா? டப்பாவிலிருந்து புருவத்துக்குக் குச்சி வரும் வழியில். பாகு பதம் பார்க்கும்போது கம்பி இழுக்குமே, அந்த மாதிரி ஒரு மெல்லிய இழை குச்சியிலிருந்து தொங்கும். கண்ணுக்கே தெரியாது, நேராக இமை முடியில் போய்ப் படுக்கும். குச்சியை டப்பாவுக்கு மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றினால் அந்த இழை அறும். கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகாமல் நெற்றிப் பக்கமிருந்து கொண்டுவாருங்கள். அகலக் குச்சியை விட்டு ஐஸ்கிரீம் குச்சியில் பாதி அகலமுள்ளதை எடுங்கள். அதில் வாக்ஸ் குறைவாகத்தான் நிற்கும்.

உங்கள் உதவியாளரைத் திட்டாதீர்கள். வாக்ஸ் என்றால் எண்ணெய் என்று கை பழகிவிட்டது, நமக்கும் அப்படித்தான் பழகியது. அந்தப் பேபி ஆயில் பாட்டிலை மட்டும் ஐப்ரோ ட்ராலியிலிருந்து எடுத்து, கை கால் வாக்ஸ் செய்யும் அறையில் வைத்துவிடுங்கள்.