ஸ்பைடர்மேன் 2 (2004): நடிப்பும் படமும் எப்படி?

‘ஸ்பைடர்மேன் 2 முதல் பாகத்தைவிட நல்ல படம் என்கிறார்களே, நடிப்பில் அப்படி என்ன இருக்கிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல படம்தான், சந்தேகமே வேண்டாம். சூப்பர் ஹீரோ படங்களில் நடிப்புக்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இரண்டாம் பாகம் இது. இதைப் படித்தால் கதை முன்கூட்டியே தெரிந்துவிடும், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

2002இல் வந்த முதல் பாகத்தை நினைவுபடுத்த இயக்குநர் சாம் ரைமி தனியாக நேரம் செலவழிக்கவில்லை. டைட்டில் ஓடும்போதே காமிக்ஸ் ஓவியர் அலெக்ஸ் ராஸ் வரைந்த ஓவியங்களில் பழைய கதை முடிந்துவிடுகிறது. அப்புறம் நேராக பீட்டர் பார்க்கர் படும் பாடுதான். பீட்சா கொண்டுபோகும் வேலை போய்விடுகிறது, வாடகை பாக்கி நிற்கிறது, படிப்பும் கெடுகிறது. இத்தனை கஷ்டங்கள் இருப்பதால்தான் நடிகர்களுக்கு நடிக்க இடம் கிடைத்திருக்கிறது.

பீட்டராக வரும் டோபி மெக்வயர் முகத்தில் உணர்ச்சியே வராது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டுக்காரரின் மகள் ஊர்சுலா ஒரு துண்டு சாக்லேட் கேக்கும் ஒரு டம்ளர் பாலும் கொண்டுவந்து கொடுக்கும் காட்சியைப் பாருங்கள். கதைக்கு அந்தக் காட்சி தேவையே இல்லை. ஆனால் யாராவது ஒருவர் அன்பாக ஒரு வாய் சாப்பிடக் கொடுத்தால் போதும் என்ற நிலையில் இருப்பவனின் களைப்பு அவர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது.

படத்தின் மிகச் சிறந்த நடிப்பு எது என்று கேட்டால், நான் பீட்டரை வளர்த்த மே அத்தையாக வரும் ரோஸ்மேரி ஹாரிஸைத்தான் சொல்வேன். அத்தையின் கணவர் பென் மாமா சாவதற்குத் தானும் காரணம் என்று பீட்டர் மேஜையில் உட்கார்ந்தபடி ஒப்புக்கொள்கிறான். அதுவரை அவன் கையைப் பிடித்திருந்தவர் தன் கையை இழுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். திட்டவில்லை, கதறவில்லை. இந்தப் படத்தில் எந்தச் சண்டைக் காட்சியும் எனக்கு இவ்வளவு வலித்ததில்லை.

வில்லன் ஆக்டோபஸாக வரும் ஆல்ஃப்ரெட் மொலினாவுக்கு ரைமி முதலில் ஒரு நல்ல மனிதராக வாழ நேரம் கொடுக்கிறார். மனைவி ரோஸியோடு காதலித்த கதையை பீட்டரிடம் சொல்லிச் சிரிக்கிறாரே, அந்தச் சாப்பாட்டு மேஜைதான் பிற்பாடு அவர் செய்வதற்கெல்லாம் கனம் தருகிறது. இன்னொன்று, அவர் முதுகில் ஒட்டிக்கொள்ளும் அந்த இயந்திரக் கைகள் எல்லாமே கணினியில் வரைந்தவை இல்லை. பல காட்சிகளில் பொம்மலாட்டக் கலைஞர்கள் நிஜமாகவே இயக்கியிருக்கிறார்கள். அதனால் மொலினா அவற்றோடு பேசும்போது கண் சரியான இடத்தைப் பார்க்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் கைகள் விழித்துக்கொள்ளும் காட்சியில் பின்னணி இசையே கிடையாது, அலறல்தான். இழுபடும் நர்ஸின் நகங்கள் தரையைக் கீறிக்கொண்டே போகும். ரைமி பேய்ப் படங்களிலிருந்து வந்தவர் என்பது அங்கே பளிச்சென்று தெரியும்.

ரயில் சண்டை பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். (மன்ஹாட்டன் என்று காட்டினாலும் அந்த உயர்பாலத் தண்டவாளம் சிகாகோவுடையது.) நான் கவனிக்கச் சொல்வது அதன் முடிவை. முகமூடி இல்லாமல் மயங்கிக் கிடக்கும் பீட்டரைப் பயணிகள் தலைக்கு மேலே கைமாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். பேர் தெரியாத துணை நடிகர்கள், ஆனால் ஒரு முகம்கூடப் பொய்யாக இல்லை.

குறைகளும் உண்டு. பீட்டர் காதலிக்கும் மேரி ஜேனாக கிர்ஸ்டன் டன்ஸ்ட் காத்திருந்து சலித்துப்போன பெண்ணை நன்றாகவே செய்திருக்கிறார், ஆனால் கடைசியில் அவரைக் கட்டிப்போட்டுக் கத்தவைத்துவிட்டது திரைக்கதை. பீட்டரின் நண்பன் ஹாரியாக வரும் ஜேம்ஸ் ஃபிராங்கோவுக்குப் பழிவாங்கும் வெறியைத் தவிர வேறு சாயலே இல்லை, அடுத்த பாகத்துக்கு விதை போடுவதற்கே அவரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆக்டோபஸ் கட்டும் இணைவு உலை (அணுக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் இயந்திரம்) பற்றிய அறிவியலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டும். விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிய படம் என்றாலும், கட்டடச் சுவரில் நடக்கும் சண்டையில் உருவங்கள் ரப்பர் போலத் துள்ளுவது இன்று கண்ணை உறுத்துகிறது.

2007இல் ‘2.1’ என்று சில நிமிடங்கள் கூட்டி ஒரு பதிப்பு வந்தது. பத்திரிகை முதலாளி ஜேம்சனாக வரும் ஜே.கே. சிம்மன்ஸ் ஸ்பைடர்மேன் உடையைப் போட்டுக்கொண்டு ஆபீஸில் குதிப்பது அதில்தான் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் முதல்முறை பார்ப்பவர்கள் தியேட்டரில் வந்த பதிப்பையே பாருங்கள், அதன் ஓட்டம் இன்னும் கச்சிதம்.