ஏரி மரம் நிழலில் வைத்தும் வெடிப்பது ஏன்

முதலில் காயவிடுவதை நிறுத்துங்க. பாரூர் ஏரியில் வண்டல் அள்ளும்போது கிடைத்த மதகுக்கட்டை நிழலில் வைத்தும் வெடிக்குதுன்னு கேட்டிருக்கீங்க. வெயிலோ நிழலோ, அது உலரவே கூடாது.

சேற்றில் பல வருஷம் கிடந்த மரத்தில் செல்லுலோஸ் (மரத்துக்கு உறுதி தரும் நார்ப்பொருள்) அரித்துப் போய், நுண்ணறைகளை உள்ளே இருக்கும் தண்ணீர்தான் தாங்கிட்டிருக்கும். தண்ணீர் ஆவியாகும்போது சுவர்கள் உள்வாங்கிச் சப்பிப்போகும். சுருங்கிய பகுதி மீளாது.

ஓர் ஓரத்தில் தையல் ஊசியை லேசா அழுத்திப் பாருங்க. வெண்ணெயில் இறங்குற மாதிரி இறங்கினா சிதைவு ஆழம். ஒரே ஒரு இடம் போதும், சல்லடை ஆக்கிடாதீங்க.

மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி முழுசா முக்கி, இருட்டில் வைங்க. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றணும். இரும்பு அண்டா வேண்டாம், கறை ஏறும். பிரஷ், பிளீச்சிங் பவுடர் கிட்டவே வரக்கூடாது.

மரத்துக்குள் தண்ணீரின் இடத்தைப் பிடித்துத் தாங்கும் மெழுகு போன்ற பாலிஎதிலீன் கிளைக்கால் வாங்கி நீங்களே ஊற்றாதீங்க. கடலடியிலிருந்து மீட்ட சுவீடனின் பழைய மரக்கப்பல் வாசாவுக்கு அதைத் தெளிக்கவே 1962 முதல் 1979 வரை ஆச்சு.

கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறிச்சு, விஏஓ மூலம் தாசில்தாருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதிக் கொடுங்க. 1878 புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். அவங்க வந்து பார்க்கும்வரை தொட்டி உங்க பொறுப்பு.